ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர், காதுக்கு ஒரு ஒயர்

செப்டம்பர் 1, திங்கள்

மருமகள் வைதேகி இன்று ஒரு பெட்டியை வாங்கிவந்து என் மடியில் வைத்தாள். வட்டமாக, தட்டையாக, அப்பளக் கட்டு அளவில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் நடுவில் ஒரு குமிழ், அதன் பக்கத்தில் மிளகு மாதிரி ஒரு கண்ணாடிக் கண். கம்ப்யூட்டரில் செருகினால் சிடியில் இருப்பதையெல்லாம் படித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்குமாம். செருகாவிட்டால் தானே பாடுமாம். சார்ஜ் ஏற்றிவிட்டால் கரண்ட் இல்லாமலும் பாடுமாம்.

"நவராத்திரி நிகழ்ச்சிக்கு இதை நீங்கதான் போடணும் மாமா," என்றாள்.

"உன் புருஷன் எதுக்கு இருக்கான்?" என்று கேட்டேன். உதட்டுக்குள்ளேயே ஏதோ சொன்னாள். இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. கேட்டால் நாகரிகம் என்பார்கள்.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கே தெரியும். போன வருஷம் என் மகன் முத்துராமன்தான் தன் போனிலிருந்து பாட்டுப் போட்டான். முருகனை நினைத்து ஒரு பெண் உருகுகிற பதம். மேடையில் பிள்ளை கண்ணைத் துடைக்கிற நேரம் பார்த்து மில் சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டுவிட்டார். அவன் ரிங்டோன் ஒரு குத்துப்பாட்டு. கோயில் மண்டபமே சிரித்தது. தீபாவளிக்குள் வைதேகியின் நடன வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். வகுப்பு நடக்கிற மாடி மங்கையர்க்கரசி டீச்சருடையது. வருகிற விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் சேரவில்லையென்றால் மாடியைக் கம்ப்யூட்டர் சென்டருக்கு விடப்போகிறேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த வருஷம் யாரும் கூப்பிட முடியாத பெட்டி. அதைப் போடுவதற்கு, யாரும் கூப்பிடாத ஆள்.

முப்பது வருஷம் சங்கரன்கோவில் – ராஜபாளையம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஒரு வண்டியையே விசிலில் ஓட்டினேன். அப்பளக் கட்டு எனக்கு எம்மாத்திரம்.

செப்டம்பர் 3, புதன்

பெட்டியின் விளிம்பில் HOLD என்று ஒரு சின்ன நகர்த்தி இருக்கிறது. என் சர்வீஸில் ஹோல்டான் என்றால் வண்டி நிற்கும். ஆகவே பாட்டை நிறுத்த வேண்டிய இடத்தில் அதை நகர்த்தினேன். பெட்டி நிற்கவில்லை. அப்புறம் எந்தப் பட்டனை அமுக்கினாலும் கல்லு மாதிரி இருந்தது. அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கெட்டுப்போய்விட்டது என்று வைதேகியிடம் கொடுத்தேன். அவள் நகர்த்தியை இந்தப் பக்கம் தள்ளினாள், சரியாகிவிட்டது. கை தெரியாமல் பட்டன் மேல் பட்டால் பாட்டு மாறிவிடக் கூடாது என்று வைத்திருக்கும் பூட்டாம் அது.

அதைப் பூட்டு என்றே எழுதியிருக்கலாமே.

செப்டம்பர் 6, சனி

என் வீட்டுக்காரி செண்பகம் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிக் கடைக்குப் போனாள். குக்கர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். விசில் வரவே இல்லை. பருப்பு அடிப்பிடித்துக் கருகிவிட்டது. குக்கரின் வெயிட் தேய்ந்துவிட்டது, புதிதாக வாங்கு என்றேன். அவள் குக்கரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பால்காரன் மணி அடிக்காமலே போய்விட்டான். நாளை பிடித்துக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

மாடியில் முதல் ஒத்திகை. பெட்டியில் மொத்தம் நாலு பாட்டு. வைதேகியின் குரு மதுரையில் ஆள் வைத்துப் பாடிப் பதிவுசெய்து கொடுத்த சிடி. முதலில் அலாரிப்பு, கடைசியில் தில்லானா.

பிள்ளைகள் வரிசையில் வந்து நின்றதும் பட்டனை அமுக்கிவிட்டேன். எல்லாரும் தடுமாறிப்போனார்கள். வைதேகி என் முன்னால் வந்து நின்று நிதானமாகச் சொன்னாள்: "ஆடப் போறவங்க முதல்ல குனிஞ்சு தரையைத் தொட்டுக் கும்பிடணும் மாமா. உன் மேல மிதிக்கப் போறேன், பொறுத்துக்கோன்னு பூமிகிட்ட கேட்கிறது. அவங்க நிமிர்ந்து கையை மார்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாட்டு."

"இத முதல்லயே சொல்லியிருந்தா? கடைசிப் பொம்பளையாள் படியில கால் வைக்காம நான் என்னைக்கு ரைட் குடுத்திருக்கேன்?"

அதற்கப்புறம் ஒரு பிசகும் இல்லை. திரையில் பாட்டு எண்ணும் நிமிஷமும் ஓடுகிறது. அதைப் பார்த்தாலே எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. காதே வேண்டாம். இப்படி எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், உண்மைதானே, இந்த வேலைக்குக் கண் போதும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் ஒத்திகை. மரப்பலகை மேடை. அதன் ஓரத்திலேயே பெட்டியை வைத்துவிட்டு நான் ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாட்டு போய்க்கொண்டிருந்தது. திரையில் நிமிஷம் முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. திரையில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஒரு பிள்ளையும் ஆடவில்லை. ஓரத்தில் நிற்கிற குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வைதேகி என்னை நோக்கி ஓடி வருகிறாள்.

பிள்ளைகள் காலைத் தட்டத் தட்டப் பலகை அதிர்ந்து, சிடி குதித்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்ததாம். நிறுத்துங்க மாமா என்று எல்லாரும் கத்தினார்களாம்.

"பெட்டி சரியில்ல," என்றேன். வேறு என்ன சொல்வது?

முத்துராமன் வாசல் தூணில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளிடம் ஏதோ சொன்னான். பெற்றவன் எதிரே இருக்கும்போது முதுகைக் காட்டிப் பேசுகிறவனை என்ன சொல்ல. அவள் தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினாள்.

செப்டம்பர் 15, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அலமாரியிலிருந்து வைதேகியே அதை எடுத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு ஹெட்போன். பழைய காலத்து ரேடியோ ஸ்டேஷன் ஆட்கள் போடுகிற மாதிரி காதை முழுக்க மூடுகிற பெரிய ஜாதி.

"பெட்டியில ரெண்டு துளை இருக்கு பாருங்க மாமா. ஒண்ணுல ஸ்பீக்கருக்கு ஒயர். இன்னொண்ணுல உங்க காதுக்கு ஒயர். இதுக்குத் தனியா சவுண்டு வைக்கலாம், எவ்வளவு வேணும்னாலும். பாட்டு குதிச்சா முதல்ல உங்களுக்குத்தான் தெரியும். பெட்டியை மேடையில வைக்காதீங்க. கீழ நாற்காலியில உட்கார்ந்து மடியில வச்சுக்கோங்க."

பெரிய கச்சேரிகளில் இயக்குகிறவர்கள் ஹெட்போனோடுதான் உட்கார்வார்கள், நானும் பார்த்திருக்கிறேன். என்னை அந்த இடத்தில் வைக்கிறாள் என்று புரிந்தது. மாட்டிக்கொண்டு சவுண்டைக் கடைசிவரை திருகினேன்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அந்தப் பாட்டில் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது. மிருதங்கத்துக்கு அடியில் சின்னத் தாளம் ஒன்று விடாமல் கூடவே வருகிறது. பாடுகிற அம்மாள் ஒவ்வொரு வரி முடிந்ததும் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. இரண்டு வாரமாக இந்தச் சிடியைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், இதில் எதுவுமே இல்லாமல் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாலு பாட்டையும் கேட்டு முடித்து மறுபடி முதலிலிருந்து போட்டேன். சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மண்டபத்து ஸ்பீக்கர் படுமோசம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

செப்டம்பர் 18, வியாழன்

காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் தில்லானா. மாலை டீக்கு அப்புறம் தில்லானா. முழுதும் மனப்பாடம் ஆகிவிட்டது. எங்கே வேகம் கூடும், எங்கே மூன்று தடவை சுற்றி வந்து நிற்கும், எல்லாம் அத்துப்படி. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த வீட்டு ஆசாரி காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார். இரண்டு நாளாக இதே வேலை. மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது.

செப்டம்பர் 21, ஞாயிறு

அமாவாசைச் சமையல் முடிந்து செண்பகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்படி என்னத்தத்தான் கேக்கீக?" என்று ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்தாள். வைத்த வேகத்தில் கொள்ளிக்கட்டையைத் தொட்டது போல் கீழே போட்டுவிட்டாள். அப்புறம் பெட்டியின் சவுண்டுத் திருகைப் பார்த்தாள். அது கடைசியில் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பாதிக்கும் கீழே கொண்டுவந்து, திரும்ப என் காதில் மாட்டிவிட்டாள்.

"கேக்குதா?" என்று கையால் கேட்டாள்.

"நிறுத்திட்டு என்ன கேக்குதான்னா?"

அவள் மூடியைக் காட்டினாள். சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன், சிடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. செண்பகம் சவுண்டைப் பழையபடி கடைசிவரை வைத்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பெண்கள் காதுக்குப் பொறுக்கும் அளவு குறைவு போலிருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

செண்பகத்துக்குத் திடீரென்று என் மேல் மரியாதை கூடிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுக்களையில் இருந்தபடியே சத்தம் போடுகிறவள், மூன்று நாளாக எழுந்து என் முன்னால் வந்து, தோளைத் தொட்டு, நான் பார்த்த பிறகுதான் பேச ஆரம்பிக்கிறாள். சுண்டல் சாப்பிடுதீகளா என்று கேட்கக்கூட இவ்வளவு தூரம் நடந்து வருகிறாள். சுண்டலில் உப்பு அதிகம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

நாளைக்கு நிகழ்ச்சி.

முத்துராமன் ஷிப்ட் மாற்றி லீவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். கூடத்தில் நின்று வைதேகியோடு வாதம் பண்ணினான். இந்தத் தடவை என் பக்கம் முகம் இருந்ததால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொண்டேன். தானே பெட்டியைப் போடுகிறேன், போன வருஷத்துப் பழியைத் தீர்த்துக்கொள்கிறேன் என்கிறான். "அப்பாவால..." என்று தொடங்கியவன் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"மாமாதான் போடுறாங்க," என்றாள் அவள். அதை எனக்காகவே கொஞ்சம் உரக்கச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மதியம் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று மாடிவரை ஏறிப் போனேன். பிள்ளைகளுக்குத் தலைநகை அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயதசமிக்கு எத்தனை பேர் வருவார்களோ மாமா, நாளைக்குச் சொதப்பினா இந்த மாடி இல்லை, என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். பயந்துபோய் இருக்கிறாள். இந்த நேரத்தில் நான் போய் இன்னொரு பயத்தைக் கொடுக்க வேண்டுமா? ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

பெட்டிக்கு முழு சார்ஜ் ஏற்றியாகிவிட்டது.

செப்டம்பர் 29, திங்கள்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

கூட்டம் நல்ல கூட்டம். மங்கையர்க்கரசி டீச்சர் முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் மேடைக்குக் கீழே இடது பக்கம், நாற்காலியில். மடியில் துண்டு, துண்டின் மேல் பெட்டி, தலையில் ஹெட்போன். எனக்கு நேர் எதிரே, மேடையின் வலது ஓரத்தில் வைதேகி நின்றாள். முத்துராமன் தன் போனை அணைத்து அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

அலாரிப்பு சுத்தமாகப் போனது. இரண்டாவதும் பதமும் அப்படியே. பிள்ளைகள் பூமியைத் தொட்டுக் கும்பிட்டு, நிமிர்ந்து, கையை மார்புக்குக் கொண்டுவரும்வரை என் விரல் பட்டன் மேலேயே காத்திருந்தது. தில்லானாவைத் தொடங்கினேன். பூட்டையும் தள்ளிவிட்டேன், யார் கை பட்டாலும் மாறாது.

பாதியில் விளக்கெல்லாம் அணைந்துபோனது.

சாயங்கால வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சன்னிதி விளக்கு இருந்தது. அந்த மங்கலில் பிள்ளைகள் அசையாமல் நிற்பது தெரிந்தது. வைதேகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் எழுந்திருக்க ஆரம்பித்தது. ஏன் நிற்கிறார்கள், பாட்டு போய்க்கொண்டுதானே இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். என் காதில் ஒரு பிசிறு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம்தான் புரிந்தது. ஸ்பீக்கருக்குக் கரண்ட் வேண்டும், பெட்டிக்கு வேண்டாம். அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் பாட்டு கேட்கிறவன் நான் ஒருவன்தான்.

எனக்கு யோசிக்க நேரமில்லை. உள்ளங்கையால் மேடைப் பலகையில் தாளத்தைத் தட்டினேன். வைதேகி என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு கையால் ஹெட்போனைத் தொட்டுக் காட்டினேன், பாட்டு ஓடுது, ஓடுது என்று. பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே என்று வரியை வாயசைத்துக் காட்டினேன். அவள் முகம் மாறியது. கையைத் தட்டிச் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டே முன்னால் வந்தாள். ஓரத்தில் நிற்கிற குட்டிதான் முதலில் காலை எடுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அடுத்தவள். கூட்டத்தில் யாரோ செல்போன் லைட்டைப் போட்டு மேடைக்குக் காட்டினார்கள். அப்புறம் மண்டபம் முழுக்க லைட். போன வருஷம் சிரித்த அதே கூட்டம்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கண் வைதேகியின் மேல், கை பலகையின் மேல். ஒரு கட்டத்தில் விளக்குகள் எரிந்தன. கோயில்காரர்கள் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்களாம். ஸ்பீக்கரும் உயிர் பிடித்துவிட்டதாம். பிள்ளைகளின் கால் எந்த அடியில் இருந்ததோ, அதே அடியில் வந்து சேர்ந்ததாம் பாட்டு. பெட்டி ஒரு நொடிகூட நிற்கவில்லையே, வேறு எங்கே போகும். மூன்று சுற்றுச் சுற்றி முடித்துப் பிள்ளைகள் நின்றபோது மங்கையர்க்கரசி டீச்சர் கைப்பை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் எழுந்து நின்று கைதட்டினார்.

இரவுச் சாப்பாட்டின்போது செண்பகம் முன்னால் வந்து உட்கார்ந்து, தோளைத் தொட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னமாப் பாடுனீக."

"நான் எங்க பாடுனேன்? வாய மட்டும் அசைச்சேன்."

"வாய அசைச்சீகளா? கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. தீம் தன நனன்னு, ராஜபாளையம் எல்லாம் எறங்குங்கன்னு கத்துன மாதிரி. சுருதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா தாளம் தப்பல."

முத்துராமன் ஆமாம் என்று தலையாட்டினான். என் இலைக்கு அவனே ரசம் ஊற்றினான்.

அப்படியென்றால் ஆசாரி இத்தனை நாளாகச் சிரித்தது இதற்குத்தான்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

காலையில் மாடிப்படி முழுக்கச் சின்னச் செருப்புகள். வைக்க இடமில்லாமல் வாசல்வரை வந்துவிட்டன. நின்றுபோன பிள்ளைகளில் சிலர் திரும்ப வந்திருக்கிறார்கள், புதுப் பிள்ளைகள் நிறைய. மங்கையர்க்கரசி டீச்சர் தன் தங்கை பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "மாடிய வேற யாருக்கும் விடுறதா இல்ல," என்று வைதேகியிடம் சொன்னார். நான் எதிரே நின்றதால் தெளிவாகப் புரிந்தது. வைதேகி அழுதுவிட்டாள். நானும்தான்.

பிள்ளைகள் போன பிறகு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வைதேகி வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேட்கட்டுமா? அன்னைக்கு ஸ்பீக்கர் திரும்ப வந்துச்சே, அது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பெட்டி சரியில்லை, ஸ்பீக்கர் சரியில்லை, குக்கர் சரியில்லை என்று எத்தனை சொல்லியாகிவிட்டது. இவளிடம் அது வரவில்லை.

"தெரியவே இல்ல தாயி. அப்புறம் மத்தவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. ஹெட்போன் இல்லைன்னா எனக்கு எதுவுமே சரியா கேக்கல. ரொம்ப நாளாவே."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா பெட்டிய எங்கிட்டக் குடுத்த?"

"அவர் வேண்டாம்னுதான் சொன்னார். நீங்க என்னை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். காது கேட்கிற எத்தனையோ பேர் நான் சொல்றதைக் கவனிக்கிறதே இல்லை. திங்கட்கிழமைக்குத் திருநெல்வேலியில காது டாக்டர்கிட்ட பேர் குடுத்திருக்கேன். அத்தையும் வர்றாங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க," என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்கு என்று மட்டும் சொன்னேன்.

காதில் எதையோ மாட்டிவிடுவார்களாம், வெளியே தெரியாதாம். தெரிந்தாலும் பரவாயில்லை. பாட்டை முழுதும் கேட்டுவிட்டேன், புல்லாங்குழல்வரை கேட்டுவிட்டேன். ஆனால் அத்தனை பிள்ளைகளும் காலில் சலங்கை கட்டி என் கண் முன்னால்தான் ஆடினார்கள். அது எப்படி ஒலிக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.